ப்ராக் வீக்கெண்ட் ட்ரிப்: சனிக்கிழமை கோட்டை, ஞாயித்துக்கிழமை யோசெஃபோவ்

ஜெர்மனில கெம்னிட்ஸ்ல மாஸ்டர்ஸ் படிக்கிறேன், இந்த ரெண்டு வருஷத்துல மூணு தடவ செக் நாட்டுத் தலைநகர் ப்ராக் போயிட்டு வந்தாச்சு. செமஸ்டர் ஆரம்பிச்சு ஒரு மாசம் ஆனா போதும், புதுசா வந்த தம்பி தங்கச்சிங்க "அண்ணா, இந்த வாரம் ப்ராக் போறோம், என்னென்ன பாக்கலாம்"னு ஆரம்பிச்சிடுவாங்க. என்ன பாக்கணும்ங்கிற லிஸ்ட் எங்க வேணா கிடைக்கும், அத நான் திரும்ப எழுதி பிரயோஜனம் இல்ல. அந்த ஊர்ல எத எந்த நாள்ல எத்தன மணிக்கு பாக்கணும்ங்கிறதுலதான் எல்லாமே இருக்கு, அது தெரியாம போனா டிக்கெட் காசும் போயி கால் வலியோட திரும்பி வருவீங்க.

என்னோட முதல் ட்ரிப் அப்படித்தான் ஆச்சு. சனிக்கிழமை மத்தியானம் யோசெஃபோவ்ங்கிற பழைய யூதர் குடியிருப்புக்கு போனோம், கேட் பூட்டியிருந்துச்சு, சனிக்கிழமை அவங்களுக்கு சபாத், ஓய்வு நாள், மியூசியம், சினகாக் (யூதர்களோட கோயில்) எதுவுமே திறக்க மாட்டாங்க. சரின்னு ஞாயித்துக்கிழமை காலைல கோட்டைக்கு ஏறினா உள்ள இருக்குற கதீட்ரல்ல பூசை, டூரிஸ்ட்டுங்கள மத்தியானம் 12 மணிக்கு மேலதான் விடுவாங்க. எங்களுக்கு 2 மணிக்கு ட்ரெயின். அந்த ஊர்ல பாக்க வேண்டிய ரெண்டு பெரிய விஷயத்தையும் வெளிய நின்னு போட்டோ எடுத்துட்டு வந்தோம். அதனால நீங்க வேற எத மறந்தாலும் சனிக்கிழமை கோட்டை, ஞாயித்துக்கிழமை யோசெஃபோவ், இத மட்டும் மாத்திடாதீங்க. செப்டம்பர் அக்டோபர் பக்கம் போறதா இருந்தா யூதப் பண்டிகை ஏதாவது அந்த ஞாயித்துக்கிழமை வருதான்னு மியூசியம் சைட்ல பாத்துக்கோங்க, பண்டிகை நாள்லயும் மூடியிருக்கும்.

கிளம்புறதுக்கு முன்னாடி பேப்பர் விஷயம். ஜெர்மன் ரெசிடென்ஸ் கார்டு இருந்தா செக் நாட்டுக்கு தனியா விசா வேணாம், 180 நாள்ல 90 நாள் வரைக்கும் போலாம். ஆனா பாஸ்போர்ட், கார்டு ரெண்டும் ஒரிஜினலா கையில இருக்கணும், போன்ல இருக்குற போட்டோவெல்லாம் செல்லாது. போகும்போது யாரும் கேக்கலன்னு அசால்ட்டா இருக்காதீங்க, திரும்பி வரும்போது ஜெர்மன் பார்டர்ல போலீஸ் பஸ்ஸ நிறுத்தி ஒவ்வொரு சீட்டா பாத்துட்டு வர்றது இப்பல்லாம் சகஜம். கார்டு புதுப்பிக்க கொடுத்துட்டு, புதுசு வர்ற வரைக்கும் தர்ற ஃபிக்‌ஷன் பேப்பர் மட்டும் வச்சிருக்கவங்க கொஞ்சம் நிதானமா இருங்க, அந்த பேப்பர்ல ஜெர்மன் குடியிருப்புச் சட்டம் 81-வது பிரிவோட எந்த உட்பிரிவுல டிக் போட்டிருக்காங்கன்னு பாருங்க, 4-வதா இருந்தா பயணம் பண்ணலாம், 3-வதா இருந்தா வேணாம், சந்தேகமா இருந்தா ஃபாரினர்ஸ் ஆபீஸ்க்கு ஒரு மெயில் போட்டு பதில் வந்த பிறகு டிக்கெட் போடுங்க. ஹெல்த் இன்ஷூரன்ஸ் கார்ட மறக்காதீங்க, பப்ளிக் இன்ஷூரன்ஸ்னா அதோட பின்பக்கம் இருக்குறதுதான் ஐரோப்பிய கார்டு, அவசரத்துக்கு அங்கயும் செல்லும்.

டாய்ச்லாண்ட் டிக்கெட்ல (ஜெர்மனி முழுக்க செல்லுற மாசப் பாஸ்) ட்ரெஸ்டன் வரைக்கும் ரீஜனல் ட்ரெயின்ல போயிடலாம், அங்க இருந்து ப்ராக்குக்கு போற யூரோசிட்டி எக்ஸ்பிரஸ்ல அது செல்லாது, தனி டிக்கெட் எடுக்கணும். அந்த டிக்கெட்ட ஜெர்மன் ரயில்வே ஆப்ல மட்டும் பாத்துட்டு விலை ஜாஸ்தின்னு விட்டுடாதீங்க, செக் ரயில்வே சைட்லயும் போட்டு பாருங்க, அதே ட்ரெயின் பல நேரம் அங்க குறைவா இருக்கும். பஸ் இன்னும் மலிவு, நேரமும் கிட்டத்தட்ட அதேதான். இருந்தாலும் ஒரு தடவையாவது ட்ரெயின்ல போங்கன்னுதான் சொல்லுவேன், ட்ரெஸ்டன் தாண்டினதும் எல்பே ஆத்த ஒட்டியே தண்டவாளம் போகும், ரெண்டு பக்கமும் செங்குத்தா மணற்பாறை மலை, பார்டர் தாண்டி தெச்சின் வரைக்கும் ஜன்னல விட்டு கண்ண எடுக்க முடியாது. ப்ராக் போகும்போது ஆறு இடது பக்கம் வரும், சீட் அந்தப் பக்கம் பிடிங்க. ஊருக்குள்ள நுழையும்போது ஹோலெஷோவிட்ஸேன்னு ஒரு ஸ்டேஷன் முதல்ல வரும், ப்ராஹான்னு போர்டு பாத்த உடனே இறங்கிடாதீங்க, மெயின் ஸ்டேஷன் அதுக்கு அடுத்தது, ஹ்லாவ்னி நாத்ரஷின்னு போட்டிருக்கும்.

தங்குறதுக்கு ஓல்டு டவுன் நடுவுலயே தேடாதீங்க. ஷிஷ்கோவ், கார்லீன், ஹோலெஷோவிட்ஸே இந்த ஏரியால ஹாஸ்டல் விலை குறையும், ட்ராம் ஏறினா கால் மணி நேரத்துல நடு ஊர், ராத்திரி மெட்ரோ நின்ன பிறகும் 90-க்கு மேல நம்பர் போட்ட நைட் ட்ராம் ஓடும், அது எல்லாமே லஸார்ஸ்கான்னு ஒரு ஸ்டாப்ல சந்திக்கும். கிச்சன் இருக்குற ஹாஸ்டலா பாருங்க, ஏன்னு சாப்பாட்டுக்கு வரும்போது சொல்றேன்.

காசு விஷயத்துலதான் நம்ம பசங்க நிறைய ஏமாறுறாங்க. அங்க யூரோ கிடையாது, கொருனா, 1 யூரோவுக்கு ஏறத்தாழ 24, 25 கொருனா வரும். முக்கால்வாசி இடத்துல கார்டு போதும், ட்ராமுக்குள்ளயே கார்ட தட்டி டிக்கெட் எடுக்கலாம். கேஷ் வேணும்னா பேங்க் வாசல்ல இருக்குற ஏடிஎம்ல மட்டும் எடுங்க, டூரிஸ்ட் தெருவுல மூலைக்கு மூலை நிக்கிற மெஷின் வேணாம். எந்த மெஷினா இருந்தாலும் "உங்க நாட்டு கரன்சில மாத்தி எடுத்துக்கவா"ன்னு கேக்கும், வேணாம்னு அமுக்குங்க, சரின்னா அவங்க சொல்ற ரேட்ல கணிசமா போயிடும். ரோட்ல ஒருத்தர் வந்து நல்ல ரேட் தரேன்னு சொன்னா பதிலே சொல்லாம நடங்க, வேற நாட்டு செல்லாத நோட்ட திணிச்சிட்டு போயிடுவாங்க. எக்ஸ்சேஞ்ச் கடையில மாத்தி ஏமாந்துட்டா ஒரு வழி இருக்கு, 2019-ல வந்த சட்டப்படி 3 மணி நேரத்துக்குள்ள ரசீதோட அதே கடைக்கு திரும்பப் போனா மாத்துனத ரத்து பண்ணி உங்க காச திருப்பிக் கொடுத்தாகணும், 1000 யூரோ வரைக்கும் இது உண்டு. ரசீத தூக்கிப் போடாதீங்க.

ட்ராம், மெட்ரோ, பஸ் எல்லாத்துக்கும் ஒரே டிக்கெட். பேப்பர் டிக்கெட்னா மஞ்சப் பெட்டில விட்டு முத்திரை குத்தணும், குத்தாத டிக்கெட்டும் டிக்கெட் இல்லாததும் ஒண்ணுதான், செக்கிங் ஆளுங்க சாதா சட்டையில வருவாங்க, நான் ஸ்டூடன்ட், தெரியாதுன்னு சொல்றதெல்லாம் எடுபடாது. ஆப்ல எடுத்தா ஏறுறதுக்கு முன்னாடியே ஆக்டிவேட் பண்ணுங்க, அமுக்கின உடனே செல்லாது, ஓரிரு நிமிஷம் ஆகும்.

இப்ப சனிக்கிழமை காலை. அலாரம் வச்சு விடியறதுக்கு முன்னாடி எழுந்திருங்க, இதுல மட்டும் சமரசமே பண்ணாதீங்க. சார்லஸ் பிரிட்ஜ்ல காலைல 11 மணிக்கு நின்னா முன்னாடி போறவரோட பின்மண்டைதான் தெரியும், அதே பாலத்துல சூரியன் வர்ற நேரம் நின்னா ரெண்டு பக்கமும் 30 சிலைங்க இருட்டுல நிழலா நிக்கும், கீழ வ்ல்தவா ஆத்துல பனி, எதிர்ல மேல கோட்டைல முதல் வெயில். நான் ரெண்டாவது ட்ரிப்ல அப்படி நின்னப்ப கூட வந்தவன்கிட்ட அரைமணி நேரம் ஒரு வார்த்தை பேசல. 1357-ல நாலாம் சார்லஸ் மன்னர் அடிக்கல் வச்ச பாலம், அரை கிலோமீட்டருக்கு கொஞ்சம் மேல நீளம், 1841 வரைக்கும் ப்ராக்ல ஆத்த தாண்ட இது ஒண்ணுதான் பாலம். அடிக்கல் வச்ச நேரம் 1357, 9-ம் தேதி, 7-வது மாசம், காலை 5 மணி 31 நிமிஷம்னு சொல்றாங்க, வரிசையா எழுதிப் பாருங்க, 1 3 5 7 9 7 5 3 1, ஏறி இறங்கும். நல்ல நேரம் பாத்துதான் கல்லு வச்சிருக்காங்கன்னு நம்ம ஊர்க்காரங்களுக்கு விளக்கவே வேணாம். காரையில முட்டை கலந்தாங்கன்னும் ஒரு கதை உண்டு, செட்டிநாட்டு வீட்டுச் சுவருக்கு முட்டை வெள்ளைக்கரு பூசுன கதை கேட்டு வளந்தவங்களுக்கு அதுவும் பழக்கமான கதைதான்.

பாலத்துல தலையில அஞ்சு நட்சத்திரம் வச்ச ஒரு சிலை இருக்கும், நெபோமுக் ஜான்ங்கிற பாதிரியார், 1393-ல ராஜா கட்டளைல இந்தப் பாலத்துல இருந்து ஆத்துல தூக்கிப் போடப்பட்டவர். பீடத்துல இருக்குற வெண்கலத் தகட்ட தொட்டா திரும்ப ப்ராக் வருவோம்னு நம்பிக்கை, தொட்டுத் தொட்டு அந்த இடம் தங்கமா மின்னும். ஓல்டு டவுன் பக்கம் இருக்குற கோபுரத்தையும் ஒரு நிமிஷம் நிமிந்து பாருங்க, 1621-ல ஹாப்ஸ்பர்க் ராஜாவ எதிர்த்த 27 பேர ஓல்டு டவுன் சதுக்கத்துல கொன்னாங்க, அதுல 12 பேரோட தலைய இந்த கோபுரத்துல பத்து வருஷம் தொங்க விட்டிருந்தாங்க. சதுக்கத்துல தரையில 27 வெள்ளை சிலுவை பதிச்சிருக்கும், தெரியாதவங்க அது மேலயே நின்னு செல்ஃபி எடுப்பாங்க, நீங்க பாத்து நில்லுங்க.

பாலத்துல இருந்து அந்தப் பக்கம் இறங்கி ஏதாவது பேக்கரில காபி குடிச்சிட்டு 22-ம் நம்பர் ட்ராம் பிடிச்சு கோட்டைக்கு போங்க, படிக்கட்டு ஏறி கால இப்பவே வீணாக்காதீங்க, வரும்போது இறங்கலாம். பெரிய பேக் வேணாம். வளாகத்துல சுத்திப் பாக்க காசு இல்ல, உள்ள கட்டடங்களுக்குத்தான் டிக்கெட், ஸ்டூடன்ட் விலை 26 வயசு வரைக்கும், யூனிவர்சிட்டி கார்டோட ஐசிக்ங்கிற சர்வதேச ஸ்டூடன்ட் கார்டும் இருந்தா பேச்சே இருக்காது. திறக்குற நேரத்துக்கு முதல் ஆளா செயின்ட் வைட்டஸ் கதீட்ரல் உள்ள போயிடுங்க, பத்து மணிக்கு மேல வரிசை வாசல தாண்டி நிக்கும்.

இந்த கதீட்ரல் 1344-ல ஆரம்பிச்சு 1929-ல முடிஞ்சது, நடுவுல போர், கலகம், பணம் இல்லாம நின்னதுன்னு கிட்டத்தட்ட 600 வருஷம். உள்ள நுழையுற பாதி புதுசு, பலிபீடம் பக்கம் இருக்குற பாதி 14-ம் நூற்றாண்டுல பீட்டர் பார்லர்ங்கிற கட்டடக் கலைஞர் கட்டினது, நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் பாருங்க, தாத்தா ஆரம்பிச்ச வீட்ட பேரன் அதே பிளான்ல முடிச்ச மாதிரி ஒட்டு தெரியாம இருக்கும். இடது பக்கம் மூணாவது ஜன்னல் மூகாங்கிற செக் ஓவியர் வரைஞ்சது, காலை வெளிச்சத்துல அதோட நீலமும் மஞ்சளும் மனசுல நிக்கும். அடுத்து பழைய அரண்மனைல விளாதிஸ்லாவ் ஹால், குதிரையோட உள்ள வந்து போட்டி நடத்துன மண்டபம், குதிரை ஏறுறதுக்குன்னே தனிப் படிக்கட்டு இருக்கு. அதுக்குப் பக்கத்து அறை ஜன்னல் வழியாத்தான் 1618-ல ராஜாவோட ரெண்டு கவர்னரையும் ஒரு செக்ரட்டரியையும் தூக்கி வெளிய போட்டாங்க, மூணு பேருமே உயிரோட தப்பிச்சிட்டாங்க, ஆனா அதுல ஆரம்பிச்ச சண்டை 30 வருஷம் ஐரோப்பாவையே எரிச்சது. ஒரு சின்ன ஜன்னல்தான், கூட்டமெல்லாம் வேகமா தாண்டிப் போயிடும். கோல்டன் லேன்ல 22-ம் நம்பர் வீடு எழுத்தாளர் காஃப்கா கொஞ்ச காலம் உக்காந்து எழுதுன இடம், ரொம்பச் சின்னது, அஞ்சு நிமிஷம் போதும்.

மத்தியானம் சாப்பாடு. அங்க மெனுல ஹொவ்யெஸின்னா மாட்டுக்கறி, வெப்ர்ஷோவேன்னா பன்றி, குர்ஷெட்ஸின்னா கோழி, இந்த மூணு வார்த்தைய போன்ல எழுதி வச்சுக்கோங்க. கூலாஷும் ஸ்விச்கோவாவும் பெரும்பாலும் மாட்டுக்கறி, பஞ்சு மாதிரி க்னெட்லீக்கின்னு ஒண்ண வெட்டி வச்சு குழம்போட தருவாங்க, சாப்பிடுறவங்களுக்கு குளிர்ல அதவிட நல்ல சாப்பாடு கிடையாது. வெஜ்னா "பெஸ் மசா"ன்னு சொல்லுங்க, கறி இல்லாமன்னு அர்த்தம், பெரும்பாலும் பொரிச்ச சீஸும் உருளைக்கிழங்கும் வரும், ஒரு வேளைக்கு ஓகே, மூணு வேளைக்கு முடியாது. உருளைக்கிழங்கு சூப்ல கூட சில இடத்துல பேக்கன் போடுவாங்க, கேட்டு வாங்குங்க. கிச்சன் இருக்குற ஹாஸ்டல் பாருங்கன்னு சொன்னது இதுக்குத்தான், புளிக்காய்ச்சல் ஒரு டப்பால எடுத்துட்டுப் போயி ராத்திரி சாதம் மட்டும் வடிச்சிட்டா பாக்கெட்டும் வயிறும் தப்பிக்கும். ஜெர்மனி மாதிரி ஞாயித்துக்கிழமை சூப்பர் மார்க்கெட்ட மூட மாட்டாங்க, தயிர் ரொட்டி எல்லாம் கிடைக்கும். பைப் தண்ணி தைரியமா குடிக்கலாம், பாட்டில் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. எல்லா முக்குலயும் சுட்டு விக்கிற ட்ரெடெல்னிக் ஆசைக்கு ஒண்ணு சாப்பிடுங்க, ஆனா அது ப்ராக்கோட பூர்வீகப் பலகாரம்னு நம்பிடாதீங்க, டூரிஸ்ட்டுக்காக வந்தது.

சாயங்காலத்துக்கு லெட்னா பார்க்கா விஷெஹ்ராத்தான்னு கேட்டா நான் விஷெஹ்ராத்தான் சொல்லுவேன். லெட்னால பாலம் எல்லாம் வரிசையா தெரியும், நல்ல வியூதான், ஆனா விஷெஹ்ராத்துல கூட்டம் பாதி கூட இருக்காது, ஆத்துக்கு மேல பழைய கோட்டைச் சுவர், காசு இல்ல, சி லைன் மெட்ரோல அதே பேர்ல ஸ்டாப். அங்க இருக்குற கல்லறைத் தோட்டத்துலதான் இசையமைப்பாளர் த்வோர்ஷாக், ஓவியர் மூகா, எழுத்தாளர் கரெல் சாப்பெக் எல்லாரும் இருக்காங்க. ரோபோட்ங்கிற வார்த்தை 1920-ல இந்த சாப்பெக்கோட நாடகத்துல இருந்துதான் உலகத்துக்கே போச்சு, யோசனை சொன்னது அவரோட அண்ணன் யோசெஃப். மெக்கட்ரானிக்ஸ், ஆட்டோமேஷன் படிக்க வந்த நம்மள்ல எத்தன பேருக்கு இது தெரியும்? நான் அந்தக் கல்லறைல ஒரு பூ வச்சிட்டு வந்தேன். குளிர்காலத்துல போனா நேரத்த கணக்கு பண்ணிக்கோங்க, டிசம்பர்ல 4 மணிக்கே இருட்டிடும், ஜூன்ல 9 மணிக்கு மேலயும் வெளிச்சம்.

ராத்திரி ஓல்டு டவுன் சதுக்கம், 1410-ல செஞ்ச ஓர்லொய் கடிகாரம். காலை 9-ல இருந்து ராத்திரி 11 வரைக்கும் ஒவ்வொரு மணிக்கும் மேல ஜன்னல் திறந்து பன்னெண்டு அப்போஸ்தலர் (இயேசுவோட சீடர்கள்) பொம்மை வரும், எலும்புக்கூடு மணி ஆட்டும், கடைசில சேவல் கூவும், ஒரு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும், இதுக்கா இவ்ளோ கூட்டம்னு எல்லாரும் கலைஞ்சிடுவாங்க. கலையட்டும், அப்புறம்தான் நமக்கு வேலை. முகப்ப நிதானமா பாருங்க, நடுவுல பூமி, சுத்தி வர்றது சூரியனும் சந்திரனும், ஒரு வளையத்துல பன்னெண்டு ராசியும் இருக்கு, சூரியன் இப்ப எந்த ராசில இருக்குன்னு தெரியும், அவங்க கணக்கு சாயனம், அதாவது சமஇரவு நாள்ல இருந்து ராசிய எண்ணுறது, அதனால நம்ம பஞ்சாங்கத்தோட ஏறத்தாழ 24 நாள் வித்தியாசம் வரும். வெளி வளையத்துல தங்க எழுத்துல இருக்குறது பழைய செக் நேரம், சூரியன் மறையுறப்ப இருந்து எண்ணுவாங்க, நம்ம நாழிகைய உதயத்துல இருந்து எண்ணுற மாதிரி. உள்ள இருக்குற இன்னொரு கணக்கு உதயத்துல இருந்து அஸ்தமனம் வரைக்கும் பகல பன்னெண்டா பிரிக்கும், அதனால கோடைல ஒரு மணி நீளம், குளிர்ல குட்டை. பகல எட்டா பிரிச்சு ராகுகாலம் பாக்குற ஊர்ல பொறந்தவனுக்கு இது புரிய ரெண்டு நிமிஷம் கூட ஆகல, பக்கத்துல நின்ன ஜெர்மன் ஃப்ரெண்டுக்கு நான்தான் விளக்குனேன். எதிர்ல ரெண்டு கோபுரத்தோட நிக்கிற டீன் சர்ச்சுக்குள்ளதான் வானியல் அறிஞர் டைகோ பிராகே கல்லறை, 1601-ல இங்க இறந்தவர், அவர் எடுத்து வச்ச அளவுகள வச்சு கெப்ளர் கிரகங்கள் சுத்துறத பத்தின தன்னோட முதல் ரெண்டு விதிய 1609-ல வெளியிட்டப்ப இருந்ததும் இதே ஊர்லதான். கூட்டத்துல மேல பாத்துட்டு நிக்கும்போது போன், பர்ஸ் முன் பாக்கெட்ல இருக்கட்டும்.

ஞாயித்துக்கிழமை காலைல நேரா யோசெஃபோவ். ஒரே டிக்கெட்ல பல சினகாக் வரும், ஸ்டூடன்ட் விலை உண்டு, ஆம்பளைங்க தலைய மூடணும், தொப்பி இல்லன்னா அங்கயே ஒண்ணு தருவாங்க. முதல்ல பின்காஸ் சினகாக் போங்க, கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி. உள்ள ஒண்ணுமே இருக்காது, சுவரு மட்டும்தான், அந்தச் சுவரு முழுக்க பேரு, நாஜிகள் கொன்ன செக் யூதர்கள்ல கிட்டத்தட்ட 80,000 பேரோட பேர், பிறந்த தேதி, கடைசியா உயிரோட இருந்தது தெரிஞ்ச தேதி, எல்லாம் கையால எழுதினது. 1950-கள்ல எழுதுனாங்க, 1968-ல கம்யூனிஸ்ட் ஆட்சில மூடினாங்க, ஈரத்துல எழுத்து அழிஞ்சு போச்சு, ஆட்சி மாறின பிறகு 1990-கள்ல திரும்ப ஒவ்வொரு பேரா எழுதினாங்க. ஒரே குடும்பப் பேருக்குக் கீழ வரிசையா அஞ்சாறு பேரு வரும்போது நின்னுடுவீங்க. மாடில டெரெஸீன்ங்கிற நாஜி முகாம்ல இருந்த குழந்தைங்க வரைஞ்ச படம், வீடு, பட்டாம்பூச்சி, சாப்பாட்டு மேசை. அவங்களுக்கு ரகசியமா வரையச் சொல்லிக் கொடுத்த ஃப்ரீட்ல் டிக்கர் பிராண்டைஸ்ங்கிற ஓவியர் கிட்டத்தட்ட 4,500 படத்த ரெண்டு பெட்டில ஒளிச்சு வச்சிட்டு 1944-ல ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு போனாங்க, திரும்பி வரல. போட்டோ எடுக்கணும்னு அவசரப்படாதீங்க, இங்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்க, அதுக்காக வேற ரெண்டு இடத்த விட்டாலும் பரவால்ல.

வெளிய வந்தா பழைய கல்லறைத் தோட்டம், இடம் பத்தாம ஒண்ணு மேல ஒண்ணா சில இடத்துல பன்னெண்டு அடுக்கு வரைக்கும் புதைச்சிருக்காங்க, ஏறத்தாழ 12,000 கல்லு ஒண்ணோட ஒண்ணு சாஞ்சு நிக்கும். அப்புறம் 1270 வாக்குல கட்டின "பழைய-புது"ங்கிற பேருள்ள சினகாக், ஐரோப்பால இன்னமும் வழிபாடு நடக்குறதுலயே ரொம்பப் பழசு. இதுக்கு மேல மத்ததெல்லாம் நேரம் இருந்தா பாருங்க.

அங்க இருந்து நடந்தே நாரொத்னி த்ரீதா தெருவுக்கு வாங்க. ஒரு வளைவுச் சந்துல சுவர்ல வெண்கலக் கைங்க நீட்டிட்டு இருக்கும், சின்னது, தேடணும். 1989 நவம்பர் 17 அன்னைக்கு ஊர்வலமா வந்த ஸ்டூடன்ட்ஸ போலீஸ் அடிச்ச இடம், அடுத்த சில வாரத்துல கம்யூனிஸ்ட் ஆட்சியே போச்சு. அன்னைக்கு அவங்க ஊர்வலம் போனதே 1939-ல நாஜிகள் செக் யூனிவர்சிட்டிகள மூடி ஒன்பது பேர சுட்டுக் கொன்ன நாளோட 50-வது வருஷத்துக்காக, உலக மாணவர் தினம் நவம்பர் 17-ல வர்றது அதனாலதான். அப்படியே வென்செஸ்லாஸ் சதுக்கம் மேல ஏறினா நேஷனல் மியூசியம் முன்னாடி தரையில உருகின மாதிரி ஒரு வெண்கலச் சிலுவை. யான் பலாஹ், 20 வயசு, ஸ்டூடன்ட், சோவியத் படை உள்ள வந்ததுக்கு ஊரே பழகிப் போயிடக் கூடாதுன்னு 1969 ஜனவரி 16-ல அந்த இடத்துல தனக்குத் தானே தீ வச்சுக்கிட்டான். நான் போனப்பல்லாம் அதுல யாரோ வச்ச மெழுகுவத்தி எரிஞ்சிட்டு இருந்துச்சு.

அந்த சிலுவைல இருந்து மெயின் ஸ்டேஷன் பத்து நிமிஷ நடைதான், ஆனா ட்ரெயினுக்கு அரைமணி முன்னாடி போயிடுங்க, பிளாட்பார்ம் நம்பர் போர்டுல கடைசி நேரத்துலதான் வரும், அது வரைக்கும் எல்லாரும் போர்டுக்குக் கீழயே அண்ணாந்து நிப்பாங்க. மிச்சம் இருக்குற சில்லறை கொருனாவ ஸ்டேஷன் சூப்பர் மார்க்கெட்லயே செலவு பண்ணிடுங்க. பாஸ்போர்ட்ட பேக் அடியில வைக்காம கைக்கு எட்டுற மாதிரி வச்சுக்கோங்க, பார்டர் தாண்டினதும் கேப்பாங்க. திரும்பும்போது ஆறு வலது பக்கம் வரும்.